கோபமில்லாத காடு

இன்று காலை வார்டுக்குள் நுழைந்ததுமே, பரவைப் பக்கம் கால்வாயில் கவிழ்ந்த வேனிலிருந்து ஒருவரைத் தூக்கி வந்தார்கள். சட்டையைக் கத்தரியால் வெட்டி விலக்கினேன். சேறும் ரத்தமும் கலந்த வாடை மூக்கில் ஏறியதும் என் கை நின்றுவிட்டது. கூட இருந்த இளம் சிஸ்டர் கத்தரியை வாங்கிக்கொண்டு, போய்க் கொஞ்சம் உட்காரச் சொன்னாள். அவர் பிழைத்துக்கொள்வார் என்று தெரிந்த பிறகுதான் கை கழுவினேன். படிக்கட்டில் வந்து நின்றபோது உன்னிடம் பேசவேண்டும்போல இருந்தது.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இந்த அவசரப் பிரிவுக்கு நர்ஸாக வந்தவர்கள். நீ கீழவாசல் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பம். பட்டுச் சேலை வியாபாரம். நான் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வந்தவள். வந்த நாளிலிருந்து நாம் பார்த்ததெல்லாம் அரிவாள் வெட்டும் பாட்டில் குத்தும்தான். உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்து, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லும் பெண்களும்தான்.

ஒரு பொங்கல் சமயம், வரப்புத் தகராறில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பியைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தோம். தையல் போட்ட பிறகும் அவர்களுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. தம்பிக்காரன் ட்ரிப்ஸ் ஊசியைப் பிடுங்கி எறிந்துவிட்டு அண்ணன் மேல் பாய்ந்தான். குறுக்கே விழுந்த உனக்கு அவன் முழங்கை பட்டு உதடு பிளந்தது. அதே வார்டில் உனக்கும் தையல் போட்டார்கள். வீங்கிய வாயோடு நீ சொன்னாய்:

"ரத்தத்தைப் பார்த்து எனக்குச் சலிக்கலடி. அடிக்கிறவன் மூஞ்சியில இருக்கற கோவம் இருக்கே, அதான் சலிச்சுப் போச்சு. கோவமே இல்லாம கொல்ற எடத்தை ஒருவாட்டி பார்த்துரணும்."

தையல் பிரிப்பதற்குள் வடக்கே, மலையடிவாரத்துப் பெருங்காட்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாய். எனக்கும் சேர்த்து.

முதலில் போனது கோடையில். காலையில் காட்டுக்குள் நுழைந்தால் மதியம்வரை ஜீப் ஓடினாலும் மறு எல்லை வராது. அம்புட்டுப் பெரிய காடு. புல் மஞ்சளாகக் காய்ந்து கிடந்தது. ஆறு வற்றிக் குட்டைகளாக நின்றது. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பெண்புலி கரைப் புல்லிலிருந்து எழுந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த புள்ளிமானின் தொண்டையைக் கவ்வியது. மானின் பின்னங்கால் மணலைக் கீறிக்கொண்டே இருந்தது; பிறகு நின்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். நீ பைனாகுலரை இறக்கவே இல்லை.

"பாரேன், மூஞ்சியில ஒண்ணுமே இல்ல. நாம சோறு திங்கிற மூஞ்சிதான்" என்றாய். சிறிது நேரத்தில் மற்ற மான்கள் அதே குட்டைக்குத் திரும்பி வந்து தண்ணீர் குடித்தன. அன்று முழுக்க நீ பாடிக்கொண்டிருந்தாய்.

அடுத்து குளிர்காலத்தில் போனோம். அந்தப் பயணத்தில்தான் உன் முகம் மாறியது. மூடுபனிக்குள் மரம் பிளப்பதுபோல ஒரு சத்தம். ஜீப் ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். இரண்டு கொம்பன் யானைகள் மோதிக்கொண்டிருந்தன. ஒன்றின் தந்தம் வேரோடு முறிந்து வாயெல்லாம் ரத்தம். அது தோற்று ஓடியது. மற்றது விடவில்லை. துரத்திப்போய் விலாவில் குத்தியது. விழுந்த பிறகும் குத்தியது. எழ முயன்றபோது மறுபடியும் குத்தியது. ஓட்டுநர் வண்டியைப் பின்னுக்கு எடுத்தார்.  விடுதிக்கு வந்து சேர்ந்தோம். தேநீரை ஆறவிட்டுவிட்டு, "இங்கயும் இருக்குடி" என்றாய், அவ்வளவுதான்.

இனி வரமாட்டாய் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஊர் திரும்பும் ரயிலில், மழைக்காலத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னாய். மழை யார் மேல் கோபப்படப் போகிறது என்று சிரித்தாய்.

மழைக்காலத்தில் உள்காட்டை மூடிவிடுவார்கள். ஓரமாக ஒரு வழி மட்டும் திறந்திருக்கும். குளிர்காலத்தில் வந்த அதே ஓட்டுநர்தான் வந்தார். வடக்கத்திச் சாயலுள்ள உன் வீட்டுச் சௌராஷ்டிர மொழியில் பாதியும் சினிமா இந்தியில் பாதியுமாக நீ அவரோடு வாயடித்துக்கொண்டே வந்தாய். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திரும்பும் வழியில் ஓர் ஓடை. கணுக்கால் தண்ணீர். நமக்கு முன்னால் போன வண்டிகள் கடந்திருந்தன. அவரும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை விட்டார். நடு ஓடையில் இருந்தபோது, மேலேயிருந்து லாரி வருவதுபோல இரைச்சல் கேட்டது. நம் தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தது. மழை எங்கோ மலையில் பெய்திருக்கிறது. மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு செந்நிறத் தண்ணீர் சுவராக வந்தது.

ஜீப் புரண்டது. கம்பிக்குள் மாட்டிய என் வலது கை திருகி, தோள் மூட்டு கழன்றது எனக்குள்ளேயே கேட்டது. வாயிலும் மூக்கிலும் சேறு. அதன் பிறகு கரையில்தான் கண் விழித்தேன். ஓட்டுநர் என் துப்பட்டாவைக் கையில் சுற்றியபடியே பக்கத்தில் குப்புறக் கிடந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். நீ இல்லை.

மறுநாள் வெகு தூரம் கீழே, பாறைகளுக்கு நடுவில் உன்னை எடுத்தார்கள். அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில், ஒரு கை கட்டுப் போட்டுத் தொங்க, மறு கையால் உன் முகத்துச் சேற்றை நானேதான் துடைத்தேன். வேறு யாரையும் தொட விடவில்லை. விமானத்தில் வந்து இறங்கிய உன் அண்ணன் அழக்கூட இல்லை. "இம்புட்டுத் தூரம் எதுக்கும்மா வந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். கோபமில்லாத சாவைப் பார்க்க வந்தோம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்?

அதன் பிறகு எனக்கு ஓட்டுநர் மேல் வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருந்தால் பயந்திருப்பாய். இரண்டு பேர் தண்ணீரில் கிடந்தோம். அவர் ஒருத்தியைத்தான் எடுத்தார். அவர் ஏன் என்னை எடுத்தார்? வார்டில் அரிவாளோடு வந்தவர்களின் முகம் எனக்கும் வந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தேன்.

குளிர் முடிந்து காட்டில் மரங்கள் துளிர்க்கும் பருவத்தை நாம் பார்த்ததே இல்லை. அதற்கு நான் தனியாகப் போனேன். காடு பார்க்கப் போகவில்லை. அவரைப் பார்க்கத்தான் போனேன். சால மரங்கள் பூத்து வாசமடித்தன. எனக்கு அது எரிச்சலாக இருந்தது. காட்டு வாசலில் என்னைக் கண்டதும் அவர் ஜீப்பிலிருந்து இறங்கி நின்றார். ஓடைக்குப் போகச் சொன்னேன். வண்டியைக் கிளப்பினார்.

ஓடையில் வெறும் கல்தான் கிடந்தது. தெரிந்த கொஞ்ச இந்தியில் கேட்டேன், ஏன் என்னை என்று. அவர் வாய் திறப்பதற்குள் அடிக்கக் கையை ஓங்கினேன். தோள் வரைக்கும்தான் கை வந்தது. அதற்கு மேல் எழும்பாமல் வலி பிடுங்கியது. அவர் விலகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, அடி விழட்டும் என்று நின்றார்.

அடி விழாததால் கண்ணைத் திறந்து, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். அவர் உன்னை நோக்கித்தான் நீந்தினாராம். நீதான் அருகில் இருந்தாய். ஒரு பாறையைப் பிடித்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தாய். பக்கத்தில் வந்தவரை உன் வீட்டு மொழியில் திட்டி, என் பக்கம் கையைக் காட்டினாயாம். "நான் கத்துகிறேன் அல்லவா, எனக்கு உயிர் இருக்கிறது, சத்தமில்லாமல் கிடக்கிறாளே, அவளை முதலில் எடு" என்று. அவர் என்னைக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது பாறை மட்டும்தான் இருந்தது.

வார்டில் நாம் தினமும் செய்கிற வேலைதான் அது. அலறுகிறவரைத் தாண்டி, அசையாமல் கிடப்பவரிடம் ஓடுகிற வேலை. அதை நீ அந்தத் தண்ணீருக்குள் நின்று செய்திருக்கிறாய்.

கல்லின் மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் தள்ளிப்போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வெயில் இறங்கியதும் தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

இப்போதும் என் வலது கை அந்த உயரத்தில்தான் நிற்கிறது. பயிற்சி செய்கிறேன், எழவில்லை. சலைன் பாட்டில் மாட்ட இடது கையைப் பழக்கிக்கொண்டேன். மழை முடிகிற சமயம் அவர் அங்கிருந்து போன் செய்வார். ஓடையில் தண்ணீர் இறங்கிவிட்டது, இந்த வருஷம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பார். சரி பையா என்பேன்; அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேற்கொண்டு பேச எனக்கு அவர் மொழியும் அவருக்கு என் மொழியும் போதாது. ஆனாலும் இருவரும் கொஞ்ச நேரம் போனை வைப்பதில்லை.