செல்லிப்பட்டு அம்பாசிடர்

வில்லியனூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள என் கணவருக்கு,

உஷாராணி எழுதிக்கொள்வது. நானும் மகளும் நலம். உங்கள் இருமல் நின்றதா? இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் மஸ்கட்டுக்குத் திரும்பும் செல்லக்கண்ணு அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீங்கள் சொன்னபடி செல்லிப்பட்டுக்குப் போய் அந்தப் பழைய அம்பாசிடரைப் பார்த்தோம். டிங்கர் வேலை தெரிந்தவன் வேண்டுமே என்று தம்பி அன்புராஜையும் அழைத்துப்போனேன். போட்டோவில் இருந்தது போலவே வெள்ளை வெளேரென்று நின்றது. கல்யாண வாடகைக்கு ஓட்டிக்கொண்டு ஊரோடு இருந்துவிடலாம் என்று நீங்கள் சொன்னது எனக்கும் கண்ணில் வந்து போனது.

தம்பி ஒரு காந்தத்தை எடுத்துக் கதவின் அடிப்பக்கம் வைத்தான். ஒட்டாமல் கீழே விழுந்தது. பெயிண்டுக்குள் இரும்பே இல்லை, எல்லாம் துருவை மறைத்துப் பூசிய பட்டி என்றான். உள்ளே தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்தினான். ஈர அட்டையில் இறங்குவது போல இறங்கியது. ஓட்டை வழியாக மண் தெரிந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கியதும் வண்டி நடுவில் தொய்ந்து, கதவு இறுகிக்கொண்டது. வண்டிக்காரர் சிவப்பிரகாசம், "புயலப்போ ஆத்துத் தண்ணி ரெண்டு நாளு உள்ள நின்னுச்சிமா, இன்னா பண்றது" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

திரும்பும்போது தம்பி, "நல்லா இருக்குதுன்னு சொல்லிடுக்கா. மாமா தையில வந்துடுவாரு. அப்புறம் பாத்துக்கலாம்" என்றான். நீங்கள் மஸ்கட் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அவன் சொன்னபடியே சொல்லிவிடலாம் என்றுதான் இருந்தது. ஆனால் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கி, மாப்பிள்ளை ஊர்வலத்தில் அது நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டால் மறுபடி விமானம் ஏறுவீர்கள். இன்னொரு முறை உங்களை வழியனுப்ப என்னால் முடியாது.

அதனால் வண்டிக்காரருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்கு வேலை கிடைக்குமா என்று சேதராப்பட்டு கம்பெனிகளிலும் விசாரித்தேன். உங்கள் வயதுக்கு எடுக்க மாட்டார்களாம்.

வண்டி வாங்கவில்லை என்று மகளிடம் சொன்னதற்கு, "அப்பா வரலன்னா பரவால்ல, வுடும்மா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். அவள் அழாததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இதைப் படித்ததும் அங்கேயே இன்னும் இரண்டு வருஷ வேலைக்குக் கையெழுத்துப் போடுவீர்கள் என்று தெரியும். தடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. போடும் முன் ஒரே ஒரு நாள் பொறுங்கள். அந்த ஒரு நாளாவது, நீங்கள் வருவீர்கள் என்று நினைத்து நான் இருந்துகொள்கிறேன்.

என்றும் உங்கள்,
உஷாராணி