காத்து போச்சா?

அன்புள்ள அம்மாவுக்கு, ஜெபசெல்வியின் ஸ்தோத்திரம். உனக்குச் சளி விட்டதா? அப்பா பிரஷர் மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

சிறுசேரி ஆபீஸில் வேலை அதிகம் என்று சொன்னது பொய். கர்ப்பப்பையில் இருந்த கட்டியைச் செவ்வாய்க்கிழமை எடுத்துவிட்டார்கள். பெரிய கட்டி என்பதால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க முடிந்தது. சாதாரணக் கட்டிதான், கர்ப்பப்பையை எடுக்கவில்லை. போனில் சொன்னால் என் குரலே காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி முட்டுக்காட்டுக் கடற்கரைப் பக்கம். மறுநாள் வார்டு ஆயா செங்கம்மாள் அக்கா வந்து, "இன்னாம்மா, காத்து போச்சா?" என்றார்.

"இல்லக்கா, ஜன்னல் வழியா நல்லாத்தான் வருது" என்றேன்.

"அய்ய, கடக்காத்தயா கேட்டேன்? உன் வவுத்துக் காத்து போனாத்தான் கஞ்சி!"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன், தையல் இழுத்தது. சிரித்தாலும் இருமினாலும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டுமாம். அடுத்த நாள், "பதினாலாம் பெட்டுக்குக் காத்து போச்சு!" என்று அக்கா கத்தியதும், பிள்ளை பிறந்ததுபோல எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள்.

இப்போது கஞ்சி குடிக்கிறேன். சனிக்கிழமை ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுவார்கள். பயப்படாதே, நீ அலைந்துகொண்டு வர வேண்டாம்.

ஒன்றே ஒன்று. இங்கேயும் ஹாஸ்டலிலும் தலையணை கல்லு மாதிரி இருக்கிறது. வீட்டில் இருக்கும் என் இலவம்பஞ்சுத் தலையணை வேண்டும். பார்சலில் போட்டால் நசுங்கிவிடும்; யாராவது மடியில் வைத்துக் கொண்டுவந்தால் நல்லது.

ஹாஸ்டல் தோழி கவியா கடிதத்தைத் தபாலில் போட வாசலில் நிற்கிறாள். முடிக்கிறேன்.

உன் ஜெபசெல்வி

பி.கு.: நெல்லை எக்ஸ்பிரஸ் செங்கல்பட்டில் நிற்கும்.