ஊசி அத்தையின் கிறிஸ்துமஸ் பரிசு

டிசம்பர் 1, ஞாயிறு

இன்றும் அதே கதைதான். அண்ணன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே அண்ணன் மகன் உருளை (உருண்டையாக இருப்பதால் நான் வைத்த பெயர்) என்னைப் பார்த்தான். கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் தன் தொடையைப் பொத்திக்கொண்டான். அழுகை அதற்குப் பிறகுதான். முதலில் பாதுகாப்பு, அப்புறம் ஒப்பாரி. ஒன்றரை வயதில் என்ன ஒரு முன்னேற்பாடு.

நான் குழந்தைகள் கிளினிக்கில் நர்ஸ். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊசி போடுகிறவள், அண்ணன் பிள்ளைக்குப் போடாமல் இருக்க முடியுமா? பிறந்ததிலிருந்து அவனுக்கு எல்லா ஊசியும் என் கையால்தான். "உன் கை லேசு" என்று அண்ணி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார். அந்த லேசான கையைக் கண்டுதான் பையன் அலறுகிறான்.

"தூக்கம் வருது போல, அதான்" என்றார் அண்ணி. என்னைப் பார்த்தால் மட்டும் வருகிற தூக்கம்.

அவனுடைய அக்காவுக்கு நாலு வயது. 'ஏன்' என்று கேட்காமல் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கமாட்டாள், அதனால் நான் வைத்த பெயர் வக்கீல். கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "ஊசி கொண்டுவந்தியா?" என்றாள். பையைக் கவிழ்த்துக் காட்டிய பிறகுதான் வழி விட்டாள்.

முடிவு செய்துவிட்டேன். கிறிஸ்துமஸுக்குள் உருளை தானாக வந்து என் மடியில் உட்கார வேண்டும். அதற்கு நல்லதாக ஒரு பரிசு. லஞ்சம் என்றே எழுதலாம், யார் படிக்கப் போகிறார்கள்? மற்ற குழந்தைகள் எவ்வளவு அழுதாலும் நான் அசைவதில்லை. இவன் அழுதால் வலிக்கிறது.

டிசம்பர் 4, புதன்

வேலை முடிந்து பொம்மைக் கடைக்குப் போனேன். செருப்பு அறுந்து புதிது வாங்கியதில் கையிருப்பு மெலிந்துவிட்டது. இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கொஞ்சமாகத்தான் செலவழிக்க முடியும். அங்கே ஒரு கரடி பொம்மை, விலையைப் பார்த்தால் நிஜக் கரடியே வாங்கிக் கட்டலாம். சாப்பாடும் அதுவே தேடிக்கொள்ளும்.

குழந்தைகளுக்குப் பொம்மையைவிட அது வந்த பெட்டிதான் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் யாரும் வெறும் பெட்டியைக் கொடுத்துப் பார்த்ததில்லை.

கீழ்த்தட்டில் சின்னக் கரடிகள் இருந்தன. விலையும் படியும். ஆனால் கண்? கிளினிக்கில் நான் பார்க்காததா — மூக்கில் போன மணி, தொண்டையில் போன பொத்தான். உறுதியாக இருக்கிறதா என்று ஒரு கண்ணை இழுத்துப் பார்த்தேன். கையோடு வந்துவிட்டது.

"பிச்சுட்டீங்களே" என்றார் கடைக்காரர். எங்கிருந்துதான் வந்தாரோ.

"பிய்யுதான்னு பார்த்தேன். பிஞ்சிடுச்சு."

"அதுக்குக் கடையிலயே பிச்சுப் பார்ப்பாங்களா?"

"வீட்டுல பிச்சுட்டு வந்தா திருப்பி எடுத்துப்பீங்களா?"

பாதி விலைக்குக் கொடுத்தார். விட்டால் போதும் என்று கொடுத்தார் என்பதே சரி. ஆக ஒற்றைக்கண் கரடி ஒன்று என் கட்டில்மேல் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 5, வியாழன்

மீதிக் கண்ணையும் பிடுங்கிவிட்டேன். கறுப்பு நூலில் ஒரு கண் தைத்தேன். இன்னொன்று கோணல். அதன்மேல் வெள்ளைத் துணியில் கட்டுப் போட்டாயிற்று. இப்போது அது பழுதான பொம்மை இல்லை, நோயாளி. வக்கீலுக்கு இது போதும்.

உருளைக்கு?

டிசம்பர் 8, ஞாயிறு

எனக்குக் கோபம் ஆறவே இல்லை. எழுதினால் ஆறுமா பார்க்கிறேன்.

இன்று சொல்லாமல் போனேன். அண்ணன் வீட்டுச் சமையலறை ஜன்னல் நடைபாதைப் பக்கம். உள்ளே அண்ணி குரல்: "வாயைத் திற. திறக்கமாட்டியா? அத்தையைக் கூப்பிடவா?"

நின்றுவிட்டேன்.

பிறகு வக்கீல் குரல்: "டேய், ஊசி அத்தை வந்துட்டாங்க." ஏதோ கீழே விழும் சத்தம். அவன் கையிலிருந்த விளையாட்டுக் கட்டையை விட்டிருப்பான். அவள் எடுத்துக்கொண்டிருப்பாள். அதற்குப் பிறகு என் சொந்த அண்ணன், என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன்: "குளிக்க வர்றியா, இல்ல அத்தைக்கு போன் பண்ணட்டுமா?"

ஆக, அந்த வீட்டில் என் பேரைச் சொல்லித்தான் பிள்ளை சாப்பிடுகிறான், குளிக்கிறான், விளையாட்டுச் சாமானை விட்டுக்கொடுக்கிறான். நான் ஊசி போட்டது வருஷத்தில் சில தடவை. இவர்கள் தினம் மூன்று வேளை போட்டிருக்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

கதவைத் தட்டினேன். என்னைப் பார்த்ததும் உருளை வாயில் ஒதுக்கி வைத்திருந்ததை எல்லாம் ஒரே மூச்சில் விழுங்கினான். அண்ணி முகத்தில் ஈயாடவில்லை.

"என்னைத்தான் பூச்சாண்டி ஆக்கி வச்சிருக்கீங்களா அண்ணி?"

"நீ வேற. எல்லா வீட்டுலயும் யாராவது ஒருத்தரைச் சொல்லித்தான் பயமுறுத்தறது."

"உங்க அண்ணனைச் சொல்றதுதானே?"

"அவர் பேட்டரி கார் வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்காரே" என்றார். நியாயமாகப் பேசுவதாகவே நினைத்துக்கொண்டார்.

அண்ணன் மட்டும் சிரித்தான். அவனோடு நான் பேசவில்லை. பேசவும் போவதில்லை, வெள்ளிக்கிழமை வரை.

டிசம்பர் 11, புதன்

அண்ணி கடைக்குப் போக வேண்டுமென்று வக்கீலைக் கிளினிக்கில் என்னிடம் விட்டுப் போனார். உருளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார், கிளினிக் வாசலிலேயே தொடையைப் பொத்திவிட்டானாம்.

வக்கீலிடம் கேட்டேன், கிறிஸ்துமஸுக்கு என்ன வேண்டும் என்று. நிஜக் குதிரை. இல்லையென்றால் லிஃப்ட். அதுவும் இல்லையென்றால் ஒரு பூட்டு, சாவி அவளிடம் மட்டும் இருக்க வேண்டும்.

"தம்பிக்கு?"

யோசித்தாள். "அவனுக்கு ஒண்ணும் வேணாம். நீ வராம இருந்தாப் போதும்."

இதைவிட மலிவான பரிசு எந்தக் கடையிலும் கிடைக்காது. சிரித்தேன். அப்புறம் பஞ்சு எடுக்கப் போகிறேன் என்று உள்ளே போய்க் கொஞ்சம் அழுதேன். நாலு வயதுப் பிள்ளை பொய் சொல்லாது, அதுதான் கஷ்டம்.

திரும்பி வந்தபோது ஊசித் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு யாரு ஊசி போடுவா?"

"எனக்கா? யாரும் போடறதில்ல."

"எல்லாருக்கும் நீ போடுவே, உனக்கு யாரும் போட மாட்டாங்களா?"

"ஆமா."

"அது நியாயமே இல்ல" என்று சொல்லிவிட்டு ஒரு பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

டிசம்பர் 12, வியாழன்

நியாயமே இல்லைதான்.

டிசம்பர் 14, சனி

மருந்துக் கடையில் இரண்டு பெரிய சிரிஞ்சு வாங்கினேன். ஊசி முனை இல்லாதது, மருந்து புகட்டுவதற்கான வகை. என் இரண்டு கட்டைவிரல் கனம் இருக்கும், எந்தத் தொண்டைக்குள்ளும் போகாது. நுனியில் இருந்த குட்டி மூடியைக் கடைக் குப்பைத் தொட்டியிலேயே போட்டுவிட்டேன். இரண்டும் சேர்ந்து ஒரு டீ, ஒரு வடை விலைதான். தண்ணீர் நிரப்பி அழுத்திப் பார்த்தேன். குளியலறைக் கண்ணாடி வரை பாய்கிறது. பல்லி ஓடிவிட்டது. ஒரு மணி நேரம் விளையாடினேன், வயது முப்பத்தொன்று.

டிசம்பர் 17, செவ்வாய்

டாக்டரம்மாவிடம் திட்டத்தைச் சொன்னேன். மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"சிரிஞ்சைக் கண்டா அலறுற பிள்ளைக்கு சிரிஞ்சே பரிசா? வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறே."

ஒருவேளை சரிதானோ? இன்னும் கெட்டுப்போனால்? இப்போது தொடையைத்தான் பொத்துகிறான். அப்புறம் என் குரலைக் கேட்டாலே போதும் என்று ஆகிவிட்டால்? கடையில் துணிப் புத்தகம் ஒன்று இருந்தது, ஒரு வாத்து, ஒரு பந்து. பயமில்லாத பரிசு. வாங்கினால் வாங்கிக்கொள்வான். அக்கா கையால்தான் வாங்கிக்கொள்வான்.

இன்னொன்றும் இருக்கிறது. ஜனவரியில் அவனுக்கு அடுத்த ஊசி. "வேற சிஸ்டர் போடட்டுமே அண்ணி" என்று போனில் கெஞ்சினேன். "உன் கை லேசு. வேற யார் கையிலயும் விடமாட்டேன்" என்று வைத்துவிட்டார். என் கையை வெட்டி அண்ணியிடமே கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

டிசம்பர் 22, ஞாயிறு

போகவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டேன். அவனுக்கு இதுதான் முன்கூட்டிய பரிசு.

அண்ணன் போன் செய்தான். "வராததுக்குத் தலைவலியா, எங்க மேல கோபமா?" என்றான். தலைவலி என்றேன். "நாங்க பண்ணது தப்புதான்" என்று மெதுவாகச் சொன்னான். அண்ணி பக்கத்தில் இருந்திருக்க வேண்டும். உடனே வானிலை பற்றிப் பேச ஆரம்பித்தான்.

டிசம்பர் 24, செவ்வாய்

பழுப்புக் காகிதத்தில் சுற்றினேன். கரடி, வக்கீலுக்கு ஒரு பூட்டு (சாவி ஒன்றை எனக்கும் வைத்துக்கொண்டேன், அவளுக்குத் தெரிய வேண்டாம்), சிரிஞ்சு இரண்டு. துணிப் புத்தகம் வாங்கவில்லை. நடப்பது நடக்கட்டும்.

டிசம்பர் 25, புதன்

கை வலிக்கிறது, ஆனாலும் எல்லாவற்றையும் எழுத வேண்டும்.

போனபோது பேட்டரி கார் வந்து கூடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. அண்ணியின் அண்ணன் பொத்தானை அழுத்தினார். கார் சைரன் போட்டது. உருளை அலறிக்கொண்டு திரும்பினான், எதிரே நான். பாவம், முன்னால் சைரன், பின்னால் ஊசி. மேஜைக்கு அடியில் போய்த் தொடையைப் பொத்திக்கொண்டான்.

நான் கிட்டே போகவில்லை. எதிர்ச் சுவர் ஓரம் தரையில் உட்கார்ந்து, பொட்டலத்தை வக்கீலிடம் தள்ளினேன். கரடியைப் பார்த்தாள். "இதுக்கு என்ன ஆச்சு?" அடிபட்டுவிட்டது என்றேன். யார் அடித்தது என்று அவள் கேட்டாள். நான் பேச்சை மாற்றினேன். அடுத்து சிரிஞ்சு வெளியே வந்தது. மேஜைக்கு அடியிலிருந்து அழுகை கிளம்பியது. அண்ணி என்னைப் பார்த்த பார்வையில் பால் திரிந்திருக்கும்.

"உனக்குப் பைத்தியமா?" என்றார்.

நான் சட்டைக் கையை மடித்தேன். "வக்கீலம்மா, நியாயம் இல்லைன்னு சொன்னீங்களே. இப்ப என் முறை. போடுங்க."

அவளுக்கு இரண்டு தடவை சொல்ல வேண்டியதில்லை. குவளையில் தண்ணீர் உறிஞ்சினாள், என் கையில் வைத்து அழுத்தினாள். நான் அழுதேன். சும்மா இல்லை, உருளை அழுவதைப் போலவே: முதலில் கீழுதடு பிதுங்கியது, அப்புறம் மூச்சே விடாமல் வாய் மட்டும் திறந்தது, அப்புறம் ஊரைக் கூட்டும் சத்தம். இத்தனை தடவை பக்கத்திலிருந்து பார்த்தவள், எனக்குத் தெரியாதா? இரண்டு கையாலும் கையைப் பொத்திக்கொண்டு நாற்காலிக்கு அடியில் தவழ்ந்து போனேன். பாதிதான் நுழைய முடிந்தது.

கூடத்தில் சத்தமே இல்லை. உருளை அழுகையை நிறுத்திவிட்டான்.

நாற்காலிக் கால் வழியாகப் பார்த்தேன். மேஜைக்கு அடியிலிருந்து தலை வந்தது. அப்புறம் வயிறு. அவன் நடந்து வந்து அக்கா கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கினான். என் பேரைச் சொல்லியே அவனிடம் எல்லாம் பிடுங்கியவளிடமிருந்து அவன் பிடுங்கிய முதல் பொருள் அதுதான். நேரே என் முகத்தில் பீச்சினான். அழுதேன். சிரித்தான். எனக்காகச் சிரித்தது இதுதான் முதல் தடவை.

"இன்னும்" என்றான். அவனுக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் அது ஒன்று.

அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஊசி. அண்ணன் வரிசையில் நின்று போட்டுக்கொண்டான். அண்ணிக்கு வக்கீல் இரண்டு போட்டாள், ஒன்று காய்கறி சாப்பிடச் சொன்னதற்காம். காருக்கும் போட்டார்கள். சைரன் நின்றுவிட்டது. அண்ணியின் அண்ணன் அதற்குள் கிளம்பியிருந்தது நல்லதாகப் போயிற்று.

நான் மறுபடி ஒரு தடவை அழுதுகொண்டிருந்தபோது உருளை கிட்டே வந்து என் கையைப் பிடித்தான். குனிந்து, கன்னத்தை உப்பி, ஊதினான். 'பூ… பூ…' எச்சில்தான் அதிகம்.

ஊசி போட்டு முடித்ததும் நான் ஊதிவிடுவேன். ஒவ்வொரு தடவையும். அவன் அந்தக் கத்தலில் அதையெல்லாம் கவனித்திருப்பான் என்று நான் நினைத்ததே இல்லை. அப்போது வந்த அழுகை நடிப்பு இல்லை. அவனுக்கு வித்தியாசம் தெரியவில்லை, இன்னும் இரண்டு தடவை ஊதினான், பிறகு கால் வலித்ததோ என்னவோ, என் மடியில் உட்கார்ந்துகொண்டான்.

டிசம்பர் 26, வியாழன்

ஜலதோஷம். கிளினிக்கில் காரணம் கேட்டார்கள். பனி என்றேன்.

டிசம்பர் 29, ஞாயிறு

அண்ணி ஒரே புகார். சாப்பாட்டு நேரத்தில் "அத்தையைக் கூப்பிடவா?" என்று மிரட்டினால், உருளை சிரிஞ்சை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிப் போய் நிற்கிறானாம். "கெடுத்து வச்சுட்டே. இனிமே நான் யாரைச் சொல்லிச் சாப்பிட வைக்கறது?"

இப்போது "கார் வருது" என்கிறார்களாம். துணி போட்டு மூடி வைத்திருந்த பேட்டரி காரைப் பார்த்தேன். உனக்கும் ஒரு காலம் வரும் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

ஜனவரி 13, திங்கள்

சனிக்கிழமை ஊசி. பரிசு கொடுத்த கையே பறிக்கவும் வேண்டும். லீவு போட்டுவிடலாமா?

ஜனவரி 18, சனி

போடவில்லை, லீவைச் சொல்கிறேன்.

உருளை தன் சிரிஞ்சோடு வந்தான். நாற்காலியில் என்னை உட்காரச் சொல்லிக் காட்டினான். முதலில் எனக்கு. டாக்டரம்மா, காத்திருந்த தாய்மார்கள், எல்லார் முன்னாலும் கீழுதடு பிதுக்கி அழுதேன். மரியாதை போனால் போகட்டும். ஊதிவிட்டான்.

அடுத்து அவன் முறை. அண்ணி மடியில் பிடித்துக்கொண்டார். நான் போட்டேன். நிஜ ஊசி, நிஜ வலி. உதடு பிதுங்கியது, மூச்சு நின்றது, சைரன் வந்தது. எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். பஞ்சை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

முதுகுப் பக்கம் என் வெள்ளைக் கோட்டின் நுனியை யாரோ இழுத்தார்கள்.

அழுதபடியே அண்ணி மடியிலிருந்து சாய்ந்து இரண்டு கையையும் என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். தொடையைப் பொத்தவில்லை. தூக்கினேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, தன்னைக் கிளினிக்குக்குக் கூட்டி வந்த அம்மாவைக் கோபமாகப் பார்த்தான்.

"நல்ல கதையா இருக்கே" என்றார் அண்ணி. "பிள்ளையையும் கிள்ளிவிட்டு, தொட்டிலையும் ஆட்டறே."

"அதுக்குத்தானே அண்ணி சம்பளம்."

விம்மிக்கொண்டே உருளை தொடையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். ஊதினேன்.

"இன்னும்" என்றான்.

வெளியே அடுத்த குழந்தையின் பேரைக் கூப்பிட்டாயிற்று. காத்திருக்கட்டும்.