மலை ஏறின வலி என்று நினைத்தோம்

சித்தூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் கன்னிகாவுக்கு நைனா எழுதுவது. நான் சுகம். அம்மாவும் சுகம் என்று எப்போதும்போல எழுதக் கை வரவில்லை. அயர்லாந்துக் குளிரில் நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டு நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று இங்கே ஒரே கவலை.

கொஞ்ச நாளாக என்னிடம் மட்டும் பேசுகிறாய், அம்மாவிடம் கொடுக்கட்டுமா என்றால் டூட்டி என்று வைத்துவிடுகிறாய். ஏன் என்று எனக்குத் தெரியும் கண்ணு. திருமலைக்கு நடந்து போய் வந்ததும் அம்மாவுக்கு மார்ச்சளி கட்டியது, டாக்டர் ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொடுத்தார். சளி குறைந்தது, ஒரு காலில் மட்டும் குதிகாலுக்கு மேலே வலி வந்தது. மலை ஏறின வலிதான் என்றேன் நான். பக்கத்து வீட்டு கோவிந்தம்மாள், பெருமாள் குடுத்த வலி அக்கா, அவரே எடுத்துக்குவாரு என்று கேலி பேசிக்கினே எண்ணெய் போட்டு நீவினாள். நீயும் போனில் ஒத்தடம் கொடுத்து மெல்ல நடக்கச் சொன்னாய். பால் வாங்க வாசலுக்குப் போன அம்மா, பின்னாலிருந்து யாரோ கட்டையால் அடித்தார்கள் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். அங்கே யாருமே இல்லை. குதிகால் தசைநாண் அறுந்திருந்தது.

திருப்பதி ஆஸ்பத்திரியில் நர்ஸ் பத்மாவதி, மலை ஏறினா ரெண்டு கெண்டைக்காலும் வலிச்சு நாலு நாள்ல போயிடும் சார், இது மாத்திரை துன்ன பிறகு வந்தது, அந்த வகை ஆன்டிபயாடிக்கால வயசானவங்களுக்கு எப்பவாவது இப்படி ஆவும், ஸ்டீராய்டும் சேர்ந்தா இன்னும் பயம் என்றாள். உன் மேல் தப்பே இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஒன்று சொல்கிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கிற இரண்டு கணக்கு கொடுத்தால், நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் முதல் கணக்கின் விடையை அடுத்ததற்கும் எழுதிவிடும். அதற்காக அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமே வராமல் நின்றுவிட்டால் என்ன செய்வது?

இனி அம்மாவால் மலை ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பஸ்ஸுல போனா சாமி கோச்சிக்குமா என்று சிரித்தவள், அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். போன் அடித்தால் கையை நீட்டுகிறாள். நான் பேசி வைத்ததும் அந்தக் கை மெல்ல மடிக்குப் போகிறது.

உன் வார்டில் வயதானவர் யாராவது குதிகால் வலி என்றால், வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதே, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார், டாக்டரிடம் சொல்லும்வரை நடக்கவிடாதே. அம்மாவிடமும் இன்னும் வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேள். நீ கேட்டால்தான் அதைச் சொல்வேன் என்று இருக்கிறாள்.

நீ நோயில்லாமல், மனக்குறையில்லாமல் இருக்கவேண்டும். காலுறை போடாமல் வெளியே போகாதே.

உன் நைனா,
எத்திராஜ்