தொப்பி இருந்தால் வரமாட்டாளாம்

என் ஆசை அண்ணா,

நீ இருக்கிற இடத்துக்குப் பேப்பர் வருவதில்லை என்று நினைக்கிறேன். வந்திருந்தால் இதற்குள் யாரோடாவது சண்டை பிடித்திருப்பாய். நீ கொண்டாடிய அந்தப் பேஸ்போல் ஆட்டக்காரன் ஊக்கமருந்து எடுத்துத்தான் அத்தனை அடியும் அடித்தானாம். அமெரிக்காவில் விசாரிக்கிறார்கள். அவன் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வந்த கோபத்தில் பேப்பரைக் கசக்கி எறிந்தேன். பிறகு எடுத்து நீவி, மறுபடியும் வாசித்தேன்.

ஒஸ்லோவில் எல்லாரும் பனிச்சறுக்கு, உதைபந்து என்று திரிய, உனக்கு மட்டும் ஏன் இந்தப் பேஸ்போல்? எல்லாம் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகனால் வந்த வினை. தன் மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு வீடியோவை, மட்ச் பதிந்திருந்த பழைய கசெற்றின் மேலேயே பிரதி எடுத்து அனுப்பிவிட்டான். ஆரத்தி முடிந்ததும் திரையில் அந்த மனுசன் மட்டையோடு நின்றான். ரொம்சோஸில் இருந்த உன் வீட்டில் கூடியிருந்த சனமெல்லாம் சிரித்தது.

"பொறு, பொறு, நிப்பாட்டாதை" என்றாய் நீ. பந்து சனத்துக்கு மேலால் பறந்து போனது.

அதன்பிறகு அவனிடம் கேட்டுக் கேட்டு மட்ச் கசெற்றுகளையே எடுப்பித்தாய். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எனக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. மருந்து இல்லாமலே அடிக்கக்கூடியவனுக்கு இது தேவையா? அந்த அடிகளில் எது அவனுடையது, எது மருந்தினுடையது என்று இனி யார் பிரித்துச் சொல்வது?

உன் திவசத்துக்கு இலை போட்டுப் படைக்கும்போது, உன் படத்துக்குப் பக்கத்தில் அவன் பெயர் போட்ட உன் தொப்பியையும் வைப்பேன். இந்த முறை உன் மகள் ஆரணி போன் எடுத்தாள்.

"மாமி, அந்தத் தொப்பி இருந்தா நான் வரமாட்டன்."

உனக்கு இருப்பது ஒரே பிள்ளை. அவள் வராமல் என்ன திவசம்?

அவள் எதை மறக்கவில்லை என்று உனக்குத் தெரியும். தமிழ்ப் பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியில், சிறுமிகளின் ஓட்டத்துக்கு அவள் கோட்டில் நின்றாள். வயதெல்லையைச் சில நாட்களால்தான் தாண்டியிருந்தாள். மற்றப் பெற்றோர் பிள்ளைகளின் வயதைக் குறைத்துக் கொடுப்பது ஊரறிந்த விஷயம். போட்டியை நடத்திய நீயோ விசிலை ஊதி, எல்லாருக்கும் முன்னால் உன் மகளைக் கோட்டிலிருந்து வெளியே எடுத்தாய். அழுதவளிடம் நீ சொன்னது ஒன்றுதான்: "என்ரை ஆளைப் பார். அவன் களவு செய்தா அடிக்கிறான்?"

இப்போது என்ன சொல்லப் போகிறாய்?

ஒரு புதினம் சொல்கிறேன், கேள். போன மாதம் அதே போட்டியில் பதிவு மேசையில் இருந்தது ஆரணி. ஒரு தாய் வந்து, "வயது ஒரு கிழமைதானே கூட, பிள்ளை, விடன்" என்று கெஞ்சினாள். ஆரணி விடவில்லை. ஆனால் எழுந்து போய், அந்தச் சின்னப்பெண்ணுக்கு முன்னால் குந்தியிருந்து கனநேரம் கதைத்தாள்.

"அப்பா மாதிரியே செய்திருக்கிறாய்" என்றேன்.

"இல்லை மாமி. நான் அவளுக்கு ஏனெண்டு சொன்னனான். அப்பா எனக்கு அந்த ஆளைத்தான் காட்டினவர்."

இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் சொல். நேர்மை உன்னுடையதாகத்தானே இருந்தது? அதை ஏன் அண்ணா, கண்டறியாத ஒருத்தன் தலையில் கொண்டுபோய் வைத்தாய்? உன் மேல் எனக்கு வரும் ஆத்திரம் அவன் மேல்கூட வரவில்லை.

தொப்பியை எறியமாட்டேன். அது அலுமாரிக்குள் இருக்கட்டும். இந்த முறை உன் படத்துக்குப் பக்கத்தில் உன் விசிலைத்தான் வைக்கப் போகிறேன். ஆரணியிடமும் சொல்லிவிட்டேன்.

"சரி மாமி. வடை நான் சுட்டுக்கொண்டு வாறன்" என்றாள்.

உனக்குக் கோபம் வந்தால் வந்து என்னோடு சண்டை பிடி. ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன்: இனி அவளுக்கு யாரையாவது காட்டவேண்டி வந்தால், உன்னைத்தான் காட்டுவேன்.

உன்னோடு இன்னும் கோபம் ஆறாத,
எல்லிங்ஸ்ருட்டில் இருக்கும் தங்கச்சி