தைலம் துடைத்த துணி

அண்ணைக்கு,

அம்மாவை நேற்றுப் பின்னேரம் அடக்கம் செய்தோம். நீங்கள் இருக்கிற கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் ஒரு மணித்தியாலம்தான். அதைப் பற்றி நான் கதைக்கப் போவதில்லை.

உங்கள் குருப்பட்டத்தன்று ஆயர் உங்கள் கையில் பூசிய தைலத்தைத் துடைத்த துணி நினைவிருக்கும். குருவைப் பெற்ற தாய் ஆண்டவரிடம் காட்ட அதைக் கையில் பிடித்தபடிதான் குழிக்குப் போவாள். நீங்கள் அங்கியைக் கழற்றிவிட்டு ஆயுதம் தூக்க இயக்கத்துக்குப் போன பிறகும், ஒவ்வொரு இடப்பெயர்விலும் அம்மா அதைக் காவித் திரிந்தா.

ஆஸ்பத்திரியில் நானே கேட்டேன்.

"துணியைக் கையிலை வைக்கட்டோ அம்மா?"

"வேண்டாம் தம்பி. அங்கை போய் நான் குருவின்ரை தாய் எண்டு நீட்ட, அந்தக் கையாலை எத்தினை பேர் செத்தவை எண்டு கேட்டால்?"

"அண்ணை சனத்துக்காகத்தானே போனவர்."

"அதை அவன் வந்து சொல்லட்டும்."

உங்களுக்கு மூன்று தரம் ஆளனுப்பினேன். அம்மா மூன்று நாளும் வாசலையே பார்த்தபடி கிடந்தா. சந்தையில் அழுகல் வெங்காயத்தையும் விற்றுவிடுகிற என் வாய்க்கு, துணி விஷயத்தில் அவ மசியவில்லை.

பெட்டியை மூடுமுன், பூசை வைத்த சுவாமி துணிக்காக என்னைப் பார்த்தார். நான் துணியைக் கொடுக்கவில்லை. குருவின் தாய் வெறுங்கையோடு போனா.

அதை இத்துடன் அனுப்புகிறேன். எரிப்பதென்றால் நீங்களே எரியுங்கள். எனக்குக் கை வரவில்லை.

உங்கள் தம்பி