சுட்ட மூட்டை

ஐப்பசி, வியாழன் இரவு

மழைக்காலத்தில் ஆடுகளுக்குப் போடவென்று மக்காச்சோளத் தட்டையை நறுக்கி, வெல்லத் தண்ணீர் தெளித்து, காற்றுப் புகாமல் கட்டிவைத்த மூட்டை. தாயில்லா ஆட்டுக்குட்டி தினமும் அதை ஒட்டியே படுத்தது. ஏக்கம் என்று நினைத்தேன். இன்று மூட்டையைத் தொட்டால் சுடுகிறது. பின்னால் எலி ஓட்டை; அதன் வழியே காற்றுப் புகுந்து, உள்ளே பூஞ்சணம் பிடித்துச் சூடேறியிருக்கிறது.

"சினையாடு இதைத் தின்னா கரு கலஞ்சி குட்டி வீசிடும். எல்லாத்தையும் கொட்டு," என்றார் என் வீட்டுக்காரர். "தெனம் பாத்துக்கினுதானே இருந்த? தொட்டுப் பாக்கக் கூடாதா?"

நான் என்ன, மூட்டைக்கு ஜுரம் பார்க்கும் டாக்டரா? எல்லாவற்றையும் எருக்குழியில் கொட்டினேன். இனி ஆடுகளுக்குக் கடலை பறித்த மல்லாட்டைக் கொடிதான்.

பொழுது சாய்ந்ததும் குட்டி வந்து, மூட்டை இருந்த இடத்தை முகர்ந்து கத்தியது. அவர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, தன் லுங்கியில் சுற்றி அங்கே வைத்தார். அதில் சாய்ந்து தூங்கிவிட்டது.

இதோ, மறுபடி எழுந்து போகிறார். பாட்டில் ஆறியிருக்குமாம்.